பார்க்கின்சனுக்கான டோபமைன் அகோனிஸ்ட் மருந்துகள்: வீட்டில் இன்னொருவர் கண் இல்லாமல் தொடங்க வேண்டாம்

பிரமிபெக்ஸால் மாத்திரை, ரோபினிரோல் மாத்திரை, ரோடிகோடின் பேட்ச். பார்க்கின்சன் நோய்க்கு எழுதித் தரப்படும் டோபமைன் அகோனிஸ்ட் (மூளையில் செய்தி கடத்தும் டோபமைனின் வேலையைத் தானே செய்யும்) மருந்துகளில் அதிகம் புழங்குபவை இந்த மூன்றும். கை நடுக்கம் எவ்வளவு குறைகிறது, நடை எவ்வளவு தேறுகிறது என்பதெல்லாம் எல்லா இடத்திலும் எழுதப்பட்டாயிற்று. இந்த மதிப்பாய்வு பெரும்பாலும் ஒரே ஒரு குறையைப் பற்றியது: இவற்றைச் சாப்பிடும் சிலருக்கு வரும், அடக்க முடியாத உந்துதல். சூதாட்டம், பொருள் வாங்கிக் குவிப்பது, பாலியல் வேட்கை, கண்ட நேரத்தில் சாப்பிடுவது என்று அது பல உருவத்தில் வரும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மருந்தாக இவை நல்ல மருந்துகள். ஆனால் நோயாளி தன்னைத் தானே கவனித்துக்கொண்டு சாப்பிடக்கூடிய மருந்துகள் அல்ல. குமட்டினால் அவருக்குத் தெரியும், கால் வீங்கினால் தெரியும். இந்த உந்துதல் வந்தால் மட்டும் தெரியாது. ரொம்ப நாளைக்குப் பிறகு உற்சாகமாக இருக்கிறோம் என்றுதான் தோன்றும். அதனால் பக்க விளைவைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு தொடக்கத்திலிருந்தே வீட்டில் இன்னொருவரிடம் இருக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத நிலையில், பார்க்கின்சனுக்குத் தரும் இன்னொரு மருந்தான லெவோடோபாவை வைத்தே சமாளிக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேட்பதுதான் என் பரிந்துரை.

எதற்காக இவற்றைத் தருகிறார்கள்

லெவோடோபா மூளைக்குள் போய் டோபமைனாக மாறுகிறது. அகோனிஸ்ட் அப்படி மாறுவதில்லை. டோபமைன் உட்கார வேண்டிய ஏற்பியில் தானே போய் உட்கார்ந்து வேலை செய்கிறது. உடலில் தங்கும் நேரமும் அதிகம். பிரமிபெக்ஸாலின் அரைவாழ்வு (இரத்தத்தில் அளவு பாதியாக ஆகும் நேரம்) இளையவர்களில் 8 மணி நேரம், முதியவர்களில் 12 மணி நேரம். ரோபினிரோலுக்குச் சுமார் 6 மணி நேரம். லெவோடோபாவோ ஒன்றிரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடும். மருந்து ஏறி இறங்கும் அலைச்சல் குறைவாக இருப்பதால், பின்னாளில் வரும் தன்னிச்சையான உடல் நெளிவுகளும் குறைகின்றன. 40, 50 வயதில் நோய் வந்தவர்களுக்கு இவற்றை முதலில் தரும் வழக்கம் இப்படித்தான் வந்தது.

அந்த வழக்கத்தை இன்று அப்படியே ஏற்க வேண்டியதில்லை. 1620 பேரை வைத்து நடந்த பி.டி. மெட் ஆய்வு 2014இல் வெளியானது. லெவோடோபாவில் தொடங்கியவர்களின் நடமாட்டம், அகோனிஸ்ட் போன்ற வேறு மருந்துகளில் தொடங்கியவர்களுடையதைவிடச் சற்றே மேலாக இருந்தது. அந்த வித்தியாசம் ஆண்டுகள் கடந்தும் நிலைத்தது. அதாவது, அகோனிஸ்ட்டைத் தவிர்ப்பவர் பெரிதாக எதையும் இழந்துவிடுவதில்லை. இந்த உந்துதலுக்குப் பயந்து தயங்கும் குடும்பங்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் பேசலாம்.

அந்தக் குறை வீட்டில் எப்படித் தெரியும்

மருத்துவ நூல்கள் நான்கைப் பிரதானமாகச் சொல்கின்றன: சூதாட்டம், மிதமிஞ்சிய பாலியல் நாட்டம், பொருள் வாங்குதல், உணவு. 2010இல் வெளியான டொமினியன் ஆய்வு அமெரிக்காவிலும் கனடாவிலும் 46 மையங்களில் 3090 நோயாளிகளைப் பார்த்தது. இந்த நான்கில் ஏதேனும் ஒன்று 13.6 சதவீதம் பேருக்கு இருந்தது. வாங்குதல் 5.7, சூதாட்டம் 5.0, உணவு 4.3, பாலியல் 3.5 சதவீதம். அகோனிஸ்ட் எடுத்தவர்களில் 17.1 சதவீதம், எடுக்காதவர்களில் 6.9 சதவீதம்.

ஆறில் ஒருவர்தானே என்று இதைப் படித்து ஆறுதல் கொள்ளக் கூடாது. அது ஒரு குறிப்பிட்ட காலத்தில் எடுத்த கணக்கு. 2018இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்று சுமார் 400 நோயாளிகளை ஆண்டுதோறும் தொடர்ந்து பார்த்தது. ஐந்து ஆண்டுகளில், அகோனிஸ்ட்டை எப்போதாவது எடுத்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு வடிவில் உந்துதல் வந்தது. எடுக்காதவர்களில் அது சுமார் 12 சதவீதம். டோஸ் கூடக் கூட, ஆண்டுகள் நீள நீள ஆபத்து ஏறியது. முதல் மூன்று மாதம் ஒன்றும் ஆகவில்லை, இவருக்கு ஒத்துக்கொண்டது என்று நிம்மதி அடைவது தவறு. இந்தப் பக்க விளைவு மூன்றாம் ஆண்டிலும் வரலாம்.

இதெல்லாம் நோயின் குணமே, மருந்தின்மேல் ஏன் பழி என்று கேட்பவர்கள் உண்டு. புதிதாக நோய் கண்டறியப்பட்டு, இன்னும் மருந்தே தொடங்காதவர்களைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நோய் இல்லாதவர்களைவிட அவர்களிடம் இந்த உந்துதல்கள் அதிகமாக இல்லை.

நூலில் உள்ள நான்கைவிட, குடும்பத்தார் கண்ணில் முதலில் படுவது பெரும்பாலும் வேறு ஒன்றாக இருக்கும். இரவு இரண்டு மணிக்கு விளக்கு எரியும். வானொலிப் பெட்டியைக் கழற்றிப் பாகங்களை வரிசையாக அடுக்கி, மறுபடி கலைத்து, மறுபடி அடுக்குவார். இந்த அர்த்தமற்ற திரும்பத் திரும்பச் செய்தலுக்கு ‘பண்டிங்’ என்று பெயர். 1972இல் ஸ்வீடனில் ஆம்பெட்டமின் என்ற போதைப் பழக்கம் உள்ளவர்களிடம் முதலில் விவரிக்கப்பட்டது. பார்க்கின்சன் மருந்திலும் அதே நடத்தை வருகிறது. அவரவர் பழைய தொழிலும் ஆர்வமும் எதுவோ, அதன் சாயலில் வரும். கணக்கு எழுதியவர் காகிதங்களை அடுக்குவார், தோட்ட வேலை தெரிந்தவர் களை பிடுங்கிக்கொண்டே இருப்பார். இடையில் நிறுத்தச் சொன்னால் கோபம் வரும். அந்தக் கோபத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சாதாரண பொழுதுபோக்கையும் இதையும் பிரித்துக் காட்டுவது அதுதான்.

எழுதுவது, ஓவியம், இணையத்தில் மணிக்கணக்கில் உலவுவது, காரணமில்லாமல் நடந்துகொண்டே இருப்பது, கேட்பவருக்கெல்லாம் பணத்தை எடுத்துக் கொடுப்பது ஆகியவையும் இதில் சேரும். ஓவியம் வரைவதைக் குறையாகச் சொல்ல மனம் வராது. நோயால் ஒடுங்கிக் கிடந்தவர் மீண்டும் தூரிகை எடுத்தால் வீடே மகிழும், மகிழவும் வேண்டும். சாப்பாட்டையும் தூக்கத்தையும் விட்டுவிட்டு வரைகிறாரா என்பது மட்டுமே கேள்வி.

உணவு விஷயம் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. பார்க்கின்சனில் எடை குறைவது வழக்கம் என்பதால், எடை ஏறினால் உடம்பு தேறிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அகோனிஸ்ட் தொடங்கிய பிறகு எடை ஏறினால், இரவில் எழுந்து இனிப்பு சாப்பிடுகிறாரா என்று பாருங்கள்.

பாலியல் உந்துதல் பேசப்படாமலேயே போவதுதான் அதிகம். துணையை ஓயாமல் வற்புறுத்துவது, அதுவரை இல்லாத ஆபாசப் படப் பழக்கம், பணம் கொடுத்துத் தொடர்பு தேடுவது, துணைமேல் சந்தேகம். இவற்றைக் குணக்கேடு என்று எடுத்துக்கொண்டு பிரிந்துபோகும் தம்பதிகள் உண்டு. மருந்து தொடங்கிய தேதியையும் நடத்தை மாறிய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பல நேரம் உண்மை புலப்பட்டுவிடும்.

மூளையில் நடப்பது

பார்க்கின்சனில் டோபமைன் எல்லா இடத்திலும் ஒரே அளவில் வற்றுவதில்லை. நடுமூளையின் கரும்பகுதியிலிருந்து அசைவைக் கவனிக்கும் மேல் ஸ்ட்ரியேட்டத்துக்கு (மூளையின் ஆழத்தில் உள்ள ஒரு பகுதி) போகும் நரம்புகள் முதலில் அழிகின்றன. ஆசை, வெகுமதி, ஊக்கம் ஆகியவற்றைக் கவனிக்கும் கீழ் ஸ்ட்ரியேட்டத்தில் பாதிப்பு ஆரம்பத்தில் குறைவு. ஒரு வயல் காய்ந்திருக்கிறது, பக்கத்து வயலில் தண்ணீர் போதுமானதாக இருக்கிறது; மருந்தோ இரண்டுக்கும் சேர்த்தே மடை திறக்கிறது. கை அசைவதற்குத் தேவையான டோஸ், ஆசையைக் கவனிக்கும் பகுதிக்கு மிகையான டோஸ் ஆகிவிடுகிறது.

அடுத்தது ஏற்பியின் வகை. பிரமிபெக்ஸாலும் ரோபினிரோலும் டி2 ஏற்பியைவிட டி3 ஏற்பியோடு இறுக்கமாகப் பிணைபவை. டி3 ஏற்பிகள் செறிந்திருப்பது அந்தக் கீழ்ப் பகுதியில்தான். லெவோடோபாவிலிருந்து வரும் டோபமைன் எல்லா வகை ஏற்பிக்கும் போகிறது. அகோனிஸ்ட் ஆசைப் பகுதியை அதிகம் நாடுகிறது.

மூன்றாவது காரணம்தான் இந்த மதிப்பாய்வின் அடிப்படை. எதிர்பார்த்த நல்லது கிடைக்காமல் போகும்போது, மூளையில் டோபமைன் ஒரு கணம் சட்டென்று தாழும். அந்தத் தாழ்வே ‘இது நமக்கு ஆகாது, விடு’ என்ற பாடம். அகோனிஸ்ட் இரவும் பகலும் ஏற்பியை அமுக்கிப் பிடித்திருப்பதால் அந்தத் தாழ்வு பதிவாவதில்லை. ஜெயித்தால் வரும் எழுச்சி பதிகிறது, தோற்றால் வரும் சரிவு பதிவதில்லை. 2004இல் வெளியான ஒரு சோதனையில் இது தெளிவாகத் தெரிந்தது: மருந்து எடுக்காத நிலையில் பார்க்கின்சன் நோயாளிகள் தவறான விடையிலிருந்து நன்றாகக் கற்றார்கள், மருந்து எடுத்த நிலையில் சரியான விடையிலிருந்து கற்றார்கள், தவறிலிருந்து கற்பது மங்கியது.

இப்போது, சீட்டுக்கட்டையே தொடாத ஒருவர் இயந்திரச் சூதாட்டத்தின் முன் ஏன் விடிய விடிய உட்காருகிறார் என்பது புரியும். அந்த இயந்திரம் விட்டுவிட்டு, கணிக்க முடியாதபடி, சின்னச் சின்னதாக ஜெயிக்க வைக்கும். தோல்வி உறைக்காத மூளைக்கு அதைவிடப் பெரிய கண்ணி கிடையாது. ‘இவ்வளவு விட்டும் உங்களுக்குப் புத்தி வரவில்லையா?’ என்று கேட்பதில் பயனில்லை என்பதும் இதனால்தான். புத்தி வர வேண்டிய வழியை மருந்து அடைத்திருக்கிறது. நோயாளியைத் திட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நாளும், டோஸைக் குறைக்காமல் கடந்துபோன ஒரு நாள்.

மூன்றையும் தனித்தனியே பார்த்தால்

பிரமிபெக்ஸாலும் (மிராபெக்ஸ் என்ற பெயரில் முதலில் வந்தது) ரோபினிரோலும் (ரெக்விப்) 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றவை. டொமினியன் ஆய்வில் இரண்டுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. எனவே ஒன்றில் உந்துதல் வந்தால் மற்றதற்கு மாற்றிப் பார்ப்பது தீர்வாகாது.

பிரமிபெக்ஸாலில் கவனிக்க வேண்டியது சிறுநீரகம். மருந்தில் சுமார் 90 சதவீதம் மாறாமல் சிறுநீரில்தான் வெளியேறுகிறது. வயது ஏறச் சிறுநீரகம் தளரும். மாத்திரையின் எண்ணிக்கை மாறாமலேயே இரத்தத்தில் அளவு ஏறும். டோஸை யாரும் கூட்டவில்லை, பிறகு ஏன் இப்போது வந்தது என்று குழம்பும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை. இன்னொரு குழப்பம் மில்லிகிராம் கணக்கு. சில நாடுகளில் உப்பு வடிவத்தின் எடையை அட்டையில் போடுகிறார்கள், சில நாடுகளில் உப்பை நீக்கிய மூல மருந்தின் எடையை. உப்புக் கணக்கில் 0.125 என்பது மூலக் கணக்கில் 0.088. இரண்டும் ஒரே மாத்திரை. உச்ச அளவு உப்புக் கணக்கில் நாளுக்கு 4.5 மில்லிகிராம், மூலக் கணக்கில் 3.3. வெளிநாட்டுச் சீட்டை உள்ளூர்ச் சீட்டோடு ஒப்பிடும்போது இதைப் பார்க்காவிட்டால் டோஸ் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிசகும்.

ரோபினிரோல் ஈரலில், சி.ஒய்.பி. 1ஏ2 என்ற நொதியால் உடைகிறது. சிகரெட் புகை அந்த நொதியைத் தூண்டும். புகைப்பவர் புகையை விட்டால் நொதி தணிந்து, அதே டோஸில் மருந்தின் அளவு ஏறும். சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்கும் அளவை ஏற்றும். சிறுநீர்த் தொற்றுக்கு ஒரு வாரம் ஆன்டிபயாட்டிக் எடுத்த நாட்களில் நடத்தை மாறினால், அதைத் தற்செயல் என்று ஒதுக்க வேண்டாம். தொடக்கம் 0.25 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை. உச்சம் நாளுக்கு 24.

இரண்டிலும் ஒரு நாளைக்கு ஒருமுறை போடும் மெதுவாகக் கரையும் வடிவம் உண்டு. அதை உடைத்தோ மென்றோ பொடித்தோ கொடுக்கக் கூடாது. நாள் முழுதுக்குமான மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். விழுங்கச் சிரமப்படுபவருக்குப் பொடித்துக் கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ரோடிகோடின் பேட்ச் (நியூப்ரோ) அமெரிக்காவில் 2007இல் வந்து, பேட்ச்சில் மருந்து படிகமாக உறைந்ததால் 2008இல் திரும்பப் பெறப்பட்டு, மாற்றப்பட்ட வடிவில் 2012இல் மறுபடி வந்தது. தோல் வழியாக 24 மணி நேரமும் ஒரே சீராக மருந்து செல்கிறது. வாய்வழி மாத்திரைகளைவிடப் பேட்ச்சில் உந்துதல் குறைவாகப் பதிவான ஆய்வுகள் உண்டு. என் கணிப்பில், அகோனிஸ்ட் அவசியம் வேண்டும் என்ற நிலையில் மூன்றில் இதுவே முதல் தேர்வு. ஆனால் குறைவு என்றால் இல்லை என்று பொருளல்ல. மாத்திரைக்கு எவ்வளவு கண்காணிப்போ அவ்வளவும் இதற்கும் வேண்டும்.

பேட்ச்சின் தொல்லைகள் வேறு. ஒட்டிய இடம் சிவந்து அரிக்கும். அதனால் ஒரே இடத்தில் 14 நாளுக்குள் மறுபடி ஒட்டக் கூடாது. உலர்ந்த தோலில் வைத்து 30 வினாடி உள்ளங்கையால் அழுத்த வேண்டும். வெந்நீர்ப் பை, ஹீட்டிங் பேட் அதன்மேல் பட்டால் மருந்து வேகமாக உள்ளே போகும். பின்புறத்தில் அலுமினியப் படலம் இருப்பதால் எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் கழற்றாவிட்டால் தோல் சுடும். சல்ஃபைட் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது. புதியதை ஒட்டும்போது பழையதைக் கழற்ற மறந்து இரண்டோடு திரிபவர்கள் உண்டு. தினமும் ஒட்டுவதற்கு முன் தோளையும் இடுப்பையும் யாராவது பார்த்துவிடுவது நல்லது.

மூன்றுக்கும் பொதுவாக இன்னொரு பக்க விளைவு: எச்சரிக்கையே இல்லாமல் வரும் தூக்கம். வண்டி ஓட்டுபவர் இதை மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும்.

டப்பாவுக்குள் இருக்கும் தாள்

எச்சரிக்கை தாளில் இருக்கிறது. பிரமிபெக்ஸாலின் ஐரோப்பியத் தாள், நோயாளியோ குடும்பத்தாரோ வழக்கத்துக்கு மாறான உந்துதலைக் கவனித்தால் மருத்துவரிடம் சொல்லும்படி கேட்கிறது. குடும்பத்தாரையும் சேர்த்துச் சொன்னது பாராட்டுக்குரியது. குறை என்னவென்றால், அந்தத் தாள் போய்ச் சேருவது நோயாளியின் கையில். கை நடுங்கும் ஒருவர் பொடி எழுத்தில் அச்சான நீளத் தாளை விரித்துப் படித்து, எனக்கு இப்படி வந்தால் கவனி என்று துணையிடம் நீட்டுவார் என எதிர்பார்ப்பது நடக்கிற காரியமல்ல. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 2017இல் வெளியிட்ட வழிகாட்டி இதைச் சரியாகக் கேட்கிறது: மருந்து தொடங்கும்போதே நோயாளிக்கும் குடும்பத்துக்கும் வாயாலும் எழுத்தாலும் சொல்ல வேண்டும் என்கிறது. மருத்துவர் அப்படிச் சொல்லாவிட்டால், நீங்களே கேட்டு வாங்க வேண்டிய தகவல் இது.

யாருக்குக் கூடுதல் எச்சரிக்கை: வயது குறைந்தவர்கள், புகைப்பவர்கள், துணை இல்லாமல் வாழ்பவர்கள், தனக்கோ குடும்பத்திலோ சூதாட்டம் அல்லது குடிப் பிரச்சினை இருந்தவர்கள், மனச்சோர்வு உள்ளவர்கள். ஆண்களிடம் பாலியல் உந்துதலும், பெண்களிடம் வாங்குதலும் உணவும் அதிகம் காணப்படுகின்றன. வயது குறைந்தவர்களுக்கே அகோனிஸ்ட் அதிகம் எழுதப்படுகிறது என்பதையும், அவர்களே அதிகம் பாதிக்கப்படுகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கவலையாக இருக்கிறது.

தொடங்கும் முன்பும் பின்பும்

முதல் மாத்திரைக்கு முன்பே ஒரு தாளில் இப்போதைய நிலையை எழுதி வையுங்கள். எத்தனை மணிக்குத் தூங்குகிறார், மாதம் எவ்வளவு செலவு செய்கிறார், எடை எவ்வளவு, லாட்டரியோ சீட்டாட்டமோ பழக்கம் உண்டா, இணையத்தில் எவ்வளவு நேரம். பின்னாளில், அவர் எப்போதுமே இப்படித்தானே என்ற விவாதம் எழும். அப்போது இந்தத் தாள் உதவும்.

அவர் தெளிவாக இருக்கும் இந்தக் கட்டத்திலேயே, அவர் சம்மதத்தோடு பணத்துக்குக் காவல் போடுங்கள். வங்கிக் கணக்கின் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் குறுஞ்செய்தி துணையின் கைப்பேசிக்கும் வரட்டும். பெரிய தொகைக்கு இருவர் கையெழுத்து வேண்டும். கார்டின் வரம்பைக் குறைத்து வையுங்கள். சூதாட்டத் தளங்களைக் கைப்பேசியில் தடுத்துவிடலாம். உந்துதல் வந்த பிறகு இதைச் செய்யப் போனால் என்னை நம்பவில்லையா என்று சண்டையாகும். அதற்குள் பணமும் போயிருக்கும்.

ஒவ்வொரு முறை டோஸ் ஏறும்போதும், அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் துணையிடம் தனியாகக் கேட்க வேண்டும். கியூ.யு.ஐ.பி. என்ற கேள்வித்தாள் இதற்கென்றே உருவாக்கப்பட்டது. நான்கு உந்துதல்களோடு பண்டிங், மிதமிஞ்சிய பொழுதுபோக்கு, காரணமற்ற நடை, மருந்தை அளவுக்கு மேல் எடுப்பது ஆகியவற்றையும் கேட்கிறது. நோயாளி மட்டும் நிரப்பிய தாளை நம்ப வேண்டாம். வெட்கத்தால் மறைப்பவரும் உண்டு, உண்மையிலேயே உணராதவரும் உண்டு. கேள்வியைத் தீர்ப்புப் போலக் கேட்கவும் கூடாது. ‘சூதாடுகிறீர்களா?’ என்றால் ‘இல்லை’ என்றுதான் வரும். ‘இந்த மாத்திரை சாப்பிடும் பலருக்குப் புதுப்புது ஆசைகள் வருமாம், உங்களுக்கு எப்படி?’ என்று கேட்டால் பேச்சு தொடங்கும்.

வந்துவிட்டால்

மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. பயத்தில் பல வீடுகள் முதலில் செய்வது இதைத்தான், இதைவிட ஆபத்தானதும் இல்லை. திடீரென நிறுத்தினால் கடும் விறைப்பு, காய்ச்சல், குழப்பம் சேர்ந்த உயிராபத்தான நிலை வரக்கூடும்.

வழி, அகோனிஸ்ட்டை மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைத்து, அசைவு கெடாத அளவுக்கு லெவோடோபாவைக் கூட்டுவது. கணக்குக்கு ஒரு சமன்பாடு உண்டு: உப்புக் கணக்கில் 1 மில்லிகிராம் பிரமிபெக்ஸால் சுமார் 100 மில்லிகிராம் லெவோடோபாவுக்கும், 1 மில்லிகிராம் ரோபினிரோல் சுமார் 20க்கும், 1 மில்லிகிராம் ரோடிகோடின் சுமார் 30க்கும் சமம். நாளுக்கு 3 மில்லிகிராம் பிரமிபெக்ஸாலை முழுதாக எடுத்துவிட்டால் ஈடு சுமார் 300 மில்லிகிராம் லெவோடோபா. முழு ஈட்டையும் கொடுக்க வேண்டிய அவசியம் எல்லோருக்கும் வராது, கூடுதல் லெவோடோபா உடல் நெளிவைக் கூட்டும் என்பதால் கொஞ்சம் குறைத்தே தொடங்குவார்கள்.

பிரமிபெக்ஸாலின் மருந்துக் குறிப்பு, நாளுக்கு 0.75 மில்லிகிராம் என்ற வேகத்தில் குறைத்து, 0.75க்கு வந்தபின் நாளுக்கு 0.375 வீதம் இறக்கலாம் என்கிறது. உந்துதல் வந்தவர்களுக்கு அந்த வேகம் பெரும்பாலும் ஒத்துவராது. வாரங்களாக, மாதங்களாக இழுக்க வேண்டியிருக்கும். காரணம், அகோனிஸ்ட் விலகல் அறிகுறிகள். பதற்றம், திடீர் பீதி, மனச்சோர்வு, வியர்வை, உடல்வலி, சோர்வு, மாத்திரைக்கான ஏக்கம் எல்லாம் சேர்ந்து வரும். லெவோடோபாவைக் கூட்டினாலும் இது தணியாது. இதை முதலில் விவரித்த 2010ஆம் ஆண்டு ஆய்வில், அகோனிஸ்ட்டைக் குறைத்த 26 பேரில் 5 பேருக்கு இது வந்தது. ஐவருமே ஏற்கெனவே உந்துதல் இருந்தவர்கள். அதாவது யாருக்கு மருந்தை நிறுத்தியே ஆக வேண்டுமோ, அவருக்கே நிறுத்துவது கடினம். அவர் மாத்திரையைத் திருப்பிக் கேட்டு அழுதால் அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குறைக்கும் படியைச் சிறிதாக்கும்படி மருத்துவரிடம் சொல்லுங்கள்.

குறைத்த பிறகு உந்துதல் பெரும்பாலும் தானே அடங்கும், ஆனால் ஒரே வாரத்தில் அல்ல. அந்த இடைவெளியில் பணக் காவலைத் தளர்த்த வேண்டாம். அடங்கியபின் வேறொரு பள்ளம் காத்திருக்கும்: எதிலும் நாட்டமில்லாத மந்தம். உற்சாகமாக இருந்தவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாரே என்று குடும்பம் கலங்கி, பழைய டோஸையே கேட்கும். அங்கேதான் பலர் மறுபடி சிக்குகிறார்கள்.

மருந்து மாற்றம் போதாதபோது, நடத்தை சார்ந்த மனவள சிகிச்சையை நைஸ் வழிகாட்டி பரிந்துரைக்கிறது. அதற்குச் சோதனைச் சான்றும் இருக்கிறது. போதைப் பழக்கத்துக்குத் தரும் நால்ட்ரெக்சோன் மருந்தைச் சோதித்தார்கள், முடிவு அரைகுறை. இன்னொரு பார்க்கின்சன் மருந்தான அமன்டடின் பற்றிய சான்றுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. ஒரு சிறு சோதனையில் சூதாட்டத்தைத் தணித்தது, டொமினியனிலோ அதை எடுப்பவர்களிடம் உந்துதல் அதிகமாக இருந்தது. மூளைக்குள் மின்முனை வைக்கும் அறுவைச் சிகிச்சை மருந்தின் டோஸைக் குறைக்க உதவும், அதனாலேயே சிலருக்கு உந்துதலும் அடங்கும். ஆனால் அறுவைக்குப் பின் புதிதாக உந்துதல் வந்தவர்களும் உண்டு. இதற்காக மட்டும் அந்த முடிவை எடுக்க நான் சொல்லமாட்டேன்.

லெவோடோபாவுக்கு மாறியதும் கண்காணிப்பு முடிந்துவிடாது. லெவோடோபாவில் வரும் வடிவம் வேறு. உடல் நெளிந்து துள்ளும் நிலையிலும் இன்னும் ஒன்று வேண்டும் என்று மாத்திரையை எடுப்பது, சேர்த்து ஒளித்து வைப்பது, சீட்டு முடியும் முன்பே மருந்து தீர்ந்துபோவது. வாரத்துக்கு ஒருமுறை மாத்திரையை எண்ணிப் பார்த்தால் இது வெளிப்பட்டுவிடும். ஊசி வடிவ அகோனிஸ்ட்டான அபோமார்ஃபினிலும் இதே கவனம் தேவை.

பார்க்கின்சன் இல்லாதவர்களும் இந்த மருந்துகளைச் சாப்பிடுகிறார்கள். இரவில் கால் குறுகுறுப்புக்குச் சிறு டோஸில் பிரமிபெக்ஸாலோ ரோபினிரோலோ தருவதுண்டு. புரோலாக்டின் என்ற ஹார்மோனை மிகையாகச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பிக் கட்டிக்கு இதே குடும்பத்தைச் சேர்ந்த கேபர்கோலினும் புரோமோகிரிப்டினும் தருகிறார்கள். டோஸ் குறைவு என்பதால் இவர்களிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அவர்களிடமும் உந்துதல் பதிவாகியிருக்கிறது. மனநோய்க்குத் தரும் அரிப்பிப்ரசோலும் டோபமைன் ஏற்பியைப் பகுதியளவு தூண்டுவது; சூதாட்டம், உணவு, வாங்குதல், பாலியல் உந்துதல் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் அதற்கு எச்சரிக்கை விடுத்தது. இவற்றில் எதை எடுப்பவர் வீட்டிலும் செலவும் தூக்கமும் திடீரென மாறினால், மருத்துவரிடம் போகும்போது மருந்து தொடங்கிய தேதியையும் டோஸ் கூட்டிய தேதிகளையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.